சகலையின் கை

கூழ் குடிக்கிற மனுஷனை யாராவது நின்று வேடிக்கை பார்ப்பார்களா? என் சகலை குடித்தால் பார்ப்பார்கள். சவுக்குத் தோப்பில் உச்சி வெயிலுக்குக் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டு உட்காருவோம். நாங்கள் பசிக்குக் குடிப்போம். அவர் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு தரம் உள்ளே பார்த்து, அப்புறம் நிதானமாக வாய்க்குக் கொண்டுபோவார். வெங்காயத்தைக் கடிப்பதில்கூட ஒரு பதவிசு இருக்கும். மரக்காணத்திலிருந்து கருவாடு ஏற்றி வந்த வண்டிக்காரன் ஒருத்தன் மாட்டை நிறுத்திவிட்டு அவர் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில்தான் நானும் குடித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சகலை என்றால் என் பெண்டாட்டியின் அக்காவைக் கட்டியவர். எனக்கு முந்தியே அந்த வீட்டுக்கு மருமகனாக வந்துவிட்டவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரே அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாயிற்று, நான் வேறு சொல்ல வேண்டுமா?

எங்கள் மாமனார் முண்டியம்பாக்கத்துக்காரர். மரம் வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. அப்போது யுத்த காலம். நிலக்கரி போதாமல் ரயிலுக்கு விறகு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்துக்குக் கிழக்கே மணல் பூமியெல்லாம் சவுக்குத் தோப்பு. ஒரு தோப்பை வெட்டி முடித்தால் அடுத்த தோப்பு. ஆண்கள் மரத்தைச் சாய்ப்போம், பெண்கள் கிளை கழிப்பார்கள். அப்புறம் அளவுக்குத் துண்டு போட்டு அடுக்கினால், மாட்டு வண்டிகள் வந்து திண்டிவனம் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து விழுப்புரம் ஜங்ஷனுக்கு. நாங்கள் வெட்டிய கட்டைதான் அந்த இன்ஜினில் எரிகிறது என்று என் பெண்டாட்டிக்கு ஒரே பெருமை. ரயில் போகிறபோதெல்லாம், "மாமா வெட்டன கட்டை போவுது பாரு" என்பாள். மாமா என்றால் அவர். நான் வெட்டிய கட்டைகள் எந்த ரயிலில் போயின என்று தெரியவில்லை.

வேலை என்று பார்த்தால் நான்தான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அவர் ஒரு வரிசை முடிப்பதற்குள் நான் அடுத்த வரிசையில் பாதி போயிருப்பேன். மாமனாருக்கு அது தெரியும். முதலாளியின் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புதுத் தோப்பில் வேலை தொடங்குகிற அன்றைக்குக் கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் அறுத்த பிறகு, முதல் வெட்டுப் போடுவது அவர்தான். அது ராசியான கை என்று மாமியார் சொல்லிவிட்டாள். அவர் கோடாலியைத் தூக்குவதைப் பார்க்க, கிளை கழிக்கிற பெண்கள் எல்லாம் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அவரோ முண்டாசை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டுவார். எனக்கோ வெயில் ஏறுகிறதே என்றிருக்கும். சீக்கிரம் ஆகட்டும் என்று யாராவது சொன்னால், "அவசரம் இன்னாத்துக்கு? மரம் எங்க ஓடிடப் போவுது?" என்பார். எல்லாரும் அதைப் பெரிய ஞானம் மாதிரி கேட்டுத் தலையாட்டுவார்கள். இதையே நான் சொல்லியிருந்தால் சோம்பேறி என்றிருப்பார்கள்.

ஒரு தரம் பாரம் ஏற்றிய வண்டி மணலில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. நான் சக்கரத்துக்கு அடியில் தோள் கொடுத்தேன். தோள்பட்டைத் தோல் வழன்று சட்டையில்லாத உடம்பில் ரத்தம் வடிந்தது. சகலை முன்னால் போய் மாட்டின் நெற்றியில் கை வைத்து ஏதோ பேசினார். வண்டி கிளம்பிவிட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை பட்டதும் மாடு இன்னா இழுப்பு இழுத்துச்சு" என்று உருகினார். அன்று வீட்டில் என் தோளுக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டே என் பெண்டாட்டி கேட்டாள், மாமா மாட்டிடம் அப்படி என்னதான் பேசினார் என்று. எனக்கு எண்ணெய் போட்ட இடம் எரியவில்லை. வயிறுதான் எரிந்தது.

தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவள் அவரைத் தப்பாகப் பார்த்ததே கிடையாது. தப்பாகப் பார்த்திருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். தேர் வருகிறபோது வாசலில் நிற்கிற பெண்கள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதுதான். மூஞ்சி லேசாக மலர்ந்து, கையிலிருக்கிற வேலை மறந்து பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையில் ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் மரம் வெட்டுவதை அவள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கலியாணம் ஆனதிலிருந்து அது நடக்கவில்லை. அவளுக்கு நான் நல்ல புருஷன்தான். அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். நல்ல குடம், நல்ல உரல் என்கிற மாதிரி சொன்னாள்.

சகலைக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, அதுதான் கொடுமை. அவர் கண்ணாடி பார்த்து நான் கண்டதில்லை. தலை சீவுவது நாள் கிழமைக்குத்தான். அலட்டல் பேர்வழியாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இந்த மனுஷன் சும்மா நின்றாலே பார்க்கிற மாதிரி நின்றுவிடுகிறார், என்ன செய்வது?

இப்படி இருக்கிறபோதுதான் மெட்ராஸிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓட, பின்னால் பெரிய அடுப்பு கட்டிய கார், புகை விட்டுக்கொண்டு மணலில் திணறித் திணறி வந்து நின்றது. வழுக்கைத் தலை டைரக்டர் ஒருவர், கேமராக்காரர் ஒருவர், வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகைகளைச் சுமந்துகொண்டு ஓர் உதவியாள். டைரக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ராஜா ராணிக் கதை இல்லையாம். காட்டு வேலை செய்கிறவர்களை, அவர்கள் வேலையை, உள்ளது உள்ளபடி பிடிக்கிற படமாம். தோப்பில் மரம் விழுவதிலிருந்து இன்ஜினில் விறகு எரிகிறவரை காட்டப்போகிறார்களாம். யுத்தத்துக்கு நாம் எப்படி உதவுகிறோம் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ள எல்லாக் கொட்டகையிலும் போடுவார்களாம். "நீங்க நடிக்க வேணாம். தினமும் எப்படிச் செய்றீங்களோ அப்படியே செய்யுங்க. கேமராவைப் பார்க்காதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் ஒருத்தன் பாக்கியில்லாமல் தினமும் செய்யாததையெல்லாம் செய்தோம். எண்ணெய் வைத்துத் தலை வாரியவன், கடன் வாங்கிய சட்டையைப் போட்டு வந்தவன், நெற்றி நிறைய விபூதி பூசியவன் என்று தோப்பே மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருந்தது. நான் கோடாலியை முகம் தெரிகிற மாதிரி தீட்டிக்கொண்டு போனேன். டைரக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் என் வேகம் முழுவதையும் காட்டினேன். செதில்கள் நாலா பக்கமும் பறந்தன. "கொஞ்சம் தள்ளி நின்னு வெட்டுங்க, கேமராவுல தூள் விழுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அங்கே சகலை அப்போதுதான் வந்து, பழைய கோவணமும் அழுக்கு முண்டாசுமாகக் குத்துக்காலிட்டுச் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் நின்றுவிட்டார். கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அங்கேயே முக்காலியை ஊன்றிக் கேமராவை அதன்மேல் வைத்துவிட்டார்.

எனக்கும் படத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிப் பலகை பிடிக்கிற வேலை. மர நிழலில் முகம் கறுத்துவிடுமாம். அதனால் வெயிலில் பலகையை ஏந்தி, வெளிச்சத்தை அவர் முகத்தில் திருப்பிவிட வேண்டும். எப்படி இருக்கிறது கதை? இத்தனை வருஷமாக யார் மூஞ்சியை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வெந்துகொண்டிருந்தேனோ, அதே மூஞ்சிக்கு என் கையால் வெளிச்சம் போட்டேன். கண் கூசுகிறது என்று சகலை சிரித்துக்கொண்டே சொன்னார். டைரக்டர் என்னைப் பார்த்துப் பலகையைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கண்ணில் கொஞ்சம் அடித்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை.

தோப்பு ஓரத்தில் விதைக்காக விட்ட முதிர்ந்த மரம் ஒன்று இருந்தது. அது விழுவதைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். சகலை வெட்டினார். மரம் முனகியது. "போவுது" என்று அவர் குரல் கொடுத்தார். அது பாதி சாய்கிறபோது கேமராவுக்குக் கொடுத்திருந்த சாவி தீர்ந்து, படம் பிடிக்காமல் அது நின்றுவிட்டது. டைரக்டர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மரம் வேறு கிடையாது. அப்போது மாமனார்தான் யோசனை சொன்னார், அதே மரத்தைத் திரும்ப நட்டுவிடலாம் என்று. குழி தோண்டினோம். பத்துப் பதினைந்து பேர் கயிறு போட்டுத் தூக்கி நிறுத்தினோம். சகலை தன் காலாலேயே மணலை மிதித்துக் கெட்டிப்படுத்தினார். "செத்தவனை எழுப்பி இன்னொரு வாட்டி சாவடிக்கச் சொல்றாங்க" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இரண்டாவது தடவை அவர் அதே மாதிரி வெட்டினார். அதே மாதிரி "போவுது" என்று குரல் கொடுத்துவிட்டு, வேர் பிடித்த மரத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவாரோ அந்தப் பக்கம் ஒதுங்கினார். உடம்பில் ஊறின பழக்கம், வேறென்ன சொல்ல? மரத்துக்கு வேர் இல்லை, தானே மிதித்து நட்ட கழி அது என்பது மறந்துவிட்டது. மரம் முன்னால் சாய, அடிக்கட்டை மணலைப் பிய்த்துக்கொண்டு பின்னால் எகிறி அவர் வலது மணிக்கட்டில் அடித்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பேன். விழுந்தது அருமையாகப் பதிவாகிவிட்டது என்று கேமராக்காரர் கையைத் தட்டினார். அப்புறம்தான் சகலை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

கை பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. அந்தக் கையில் அவர் கலியாணத்திலிருந்து கழற்றாத வெள்ளிக் காப்பு ஒன்று இருந்தது. விளக்கெண்ணெய் தடவி அதைக் கழற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். என் பெண்டாட்டி அழுதாள். அவள் அக்காவைவிடச் சத்தமாக அழுதாள்.

மறுநாள் மிச்சமிருந்தது கோடாலி பிடித்த கையைக் கிட்டத்தில் வைத்துப் பிடிக்கிற வேலை மட்டும். மற்ற ஆட்களெல்லாம் திண்டிவனத்துக்குப் பாரம் ஏற்றப் போய்விட்டார்கள். பெண்கள் தோப்பின் மறுகோடியில் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும், வேறு யாராவது செய்தால் போதும் என்றார் டைரக்டர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறமும் பருமனும் அவருடையது மாதிரியே இருக்கிறது என்றார். "அந்தக் காப்பை மட்டும் போட்டுக்கங்க, இல்லேன்னா வேற ஆள்னு தெரிஞ்சிடும்."

சகலைதான் இடது கையால் அதை எனக்கு மாட்டிவிட்டார். "உறுத்துதா சகல?" என்று கேட்டார். உறுத்தியது. இல்லை என்றேன்.

கேமரா என் கைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக மெதுவாக வெட்டினேன். கோடாலி இறங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு செதிலும் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டு வெட்டினேன். சகலை நிழலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்தார். டைரக்டர், "பிரமாதம்" என்றார். என்னைப் பார்த்து ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அன்று சந்தோஷமாக இருந்தேன். அந்த ஒரு நாள் எனக்கு யார்மேலும் வயிற்றெரிச்சல் இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. நானாகச் சொன்னால் அது பீற்றல். இத்தனை வருஷம் சோறு போட்ட கை, துவையல் இருக்கிறதா என்று இலையைத் துழாவின கை, அவளுக்குத் தெரியாமலா போகும்? திரையில் பார்த்து அவளே, "ஐயோ, இது உன் கை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்தப் பார்வை பார்க்க வேண்டும். படம் வருகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சகலையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, சரி என்றார். காப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

மழைக்காலம் போய்ப் பனியும் போய், விழுப்புரத்து டூரிங் கொட்டகையில் படம் வந்திருக்கிறது என்று விறகு டிப்போவிலிருந்து சேதி வந்தது. எல்லோரும் திண்டிவனத்தில் ரயிலேறினோம். அவள் கலியாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் இன்ஜின் கக்கிய சவுக்குக் கட்டை நெருப்புப் பொறி ஜன்னலில் பறந்தது. எனக்கு உள்ளுக்குள் கிளுகிளுப்பு. அவள் வாயைத் திறக்கிறபோதெல்லாம், இரு, இரு, சாயங்காலம் ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அவளை அந்தப் பக்கம் சுவரை ஒட்டி உட்காரச் சொல்லி, நான் இந்தப் பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். அவளுக்கு அடுத்தாற்போல் அவள் அக்கா. எனக்கு அடுத்தாற்போல் சகலை. மாலை ஆட்டம். பெரிய படத்துக்கு முன்னால் எங்கள் படம்.

மேளச் சத்தத்தோடு எங்கள் தோப்பு திரை முழுவதும் வந்தது. எவரோ சுத்தத் தமிழில், வனத்தின் வீரர்கள் என்று எங்களைச் சொன்னார். சகலை வந்தார். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்தார். நான் பிடித்த வெளிச்சத்தில் அவர் முகம் சாமி விக்கிரகம் மாதிரி பளபளத்தது. கொட்டகையே வாய் மூடிப் பார்த்தது. மரம் விழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். ஒரே சிரிப்பு.

அப்புறம் என் கை வந்தது.

திரை கொள்ளாமல் வந்தது. நரம்பு புடைத்திருப்பது, ஆப்பு அடிபட்டுக் கறுத்துச் செத்துப்போன கட்டைவிரல் நகம், எல்லாம் தெரிந்தது. கோடாலி இறங்கியது, ஒரு செதில் மெல்லக் கழன்று விழுந்தது. அழகாக இருந்தது. என் கைதான் என்றாலும் சொல்கிறேன், அழகாக இருந்தது. நான் திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவள் மூஞ்சி மலர்ந்திருந்தது. நான் இத்தனை காலம் கேட்ட பார்வை அதே அளவில், ஒரு குன்றிமணி குறையாமல் அந்தக் கையின்மேல் இருந்தது.

"அக்கா, மாமா கைய பாரேன்" என்றாள். "எவ்ளோ பாந்தமா பிடிச்சிருக்காரு. நகம்கூட எங்க வூட்டுக்காரரு நகமாட்டமே செத்துப் போயிருக்குது."

"ஆமாண்டி" என்றாள் அக்கா. அவர் பெண்டாட்டிக்கும் தெரியவில்லை.

என் பக்கத்தில் சகலை அசைந்தார். எழுந்து நின்று, மண்சுவரைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னார்:

"அது என் கை இல்லம்மா. சகலையோட கை. என் கைதான் வீங்கிப்போச்சே, அன்னிக்கு வெட்டனது அவருதான்."

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. "காப்பு கண்ணுக்குத் தெரியுது, இல்லன்னு சொல்றாரு பாரு" என்றார் ஒருவர். "தன் பேரைக்கூட அடுத்தவனுக்கு வுட்டுக் குடுக்கறாருய்யா, இதுல்ல மனசு" என்றார் இன்னொருவர். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று சகலை என் தோளைப் பிடித்து உலுக்கினார். திரை வெளிச்சம் பட்டு, ஒரு கை என் தோளில், மறு கை திரையை நோக்கி, அவர் நின்ற நிலையை எல்லாரும் பார்த்தார்கள். அவர் உலுக்க உலுக்க இன்னும் அதிகமாகக் கை தட்டினார்கள்.

என் பெண்டாட்டி சுவர்மேல் எட்டி என் கையைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது. பார்வை அவர்மேல் இருந்தது.

"பாத்தியாய்யா" என்றாள், "உனுக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு எப்பிடிச் சொல்றாரு பாரு. நீ அவர்கிட்ட ஒரு நாளாவது சிரிச்சுப் பேசியிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் சொன்னது உண்மைதான், சிரித்துப் பேசியதில்லை. என் கை அவள் கைக்கு அடியில் இருந்தது. கட்டைவிரல் நகத்தைத் தடவிக்கொண்டே அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.